மீரான் அண்ணாச்சியிடம் கொடுத்த வெற்றுத் தாள்கள்

தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. காற்று பாதிச் சொற்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 'பூங்கா மீரான்' என்பதும் 'அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்' என்பதும் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தன. அடுப்பை அணைத்தேன். அழுகை வரவில்லை. "இப்படிப் பேசாமலே போய்விட்டீரே, இனி நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?" என்றுதான் தோன்றியது. அடுத்த வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட எனக்குத் தெரியாது; பத்து மாதமாக அவரோடு நான் பேசவில்லை என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும்.

காலனிக்காரர்கள் எல்லோருமாக வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். 'சிஸ்டர், நீங்கதான் முதல்ல பேசணும்' என்று என்னைக் கேட்டீர்கள். மைக்கைப் பிடித்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நல்லவர், வல்லவர், மரம் வளர்த்த மாமனிதர் என்று சொல்ல ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேர் இருப்பார்கள். அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த மீரான் அண்ணாச்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவரை முதன்முதலில் பார்த்தது இப்போது பூங்கா இருக்கும் இடத்தில்தான். மனைப்பிரிவு போட்டவர்கள் பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. அன்றைக்கு அங்கே சீமைக்கருவேலமும் கிழிந்த மெத்தைகளும் கல்யாண மண்டபத்து எச்சில் இலைகளும்தான் கிடந்தன. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து காலையில் பஸ் இறங்கி நடந்து வருகிறேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் அந்தக் குப்பைக்கு நடுவே மண்டியிட்டு மண்ணில் காதை வைத்துக் குனிந்திருக்கிறார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று ஓடிப்போய் நாடியைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு, "சத்தம் போடாதிய சிஸ்டர். இங்கன கீழ தண்ணி ஓடுது. காது வச்சுக் கேளுங்க" என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்ன இடத்தில் தோண்டியபோது பழைய குழாய் ஒன்று உடைந்து, நல்ல தண்ணீர் வெகுநாளாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. மனு எழுதிக் கொடுத்து அந்தக் குழாயைச் சரிசெய்தோம். பூங்காவுக்கு முதல் தண்ணீர் வந்தது அப்படித்தான்.

வளைகுடாவில் இருபது வருடம் அவர் பார்த்த வேலை அது. பாலைவனத்துச் சாலையோரம் நட்டிருக்கும் மரங்களுக்குச் சொட்டுக் குழாய் போடுவதும், ஒழுகுகிறதா என்று நடந்து நடந்து கேட்பதும். "அங்கன ஒரு மரத்துக்கு ஒரு குழாய். குழாய மூடினா சாயந்திரத்துக்குள்ள மரம் வாடிரும். இங்கன மேக்க வானமே குழாயாத் தொறந்து கெடக்கு. இருந்தும் நட்ட மரத்தச் சாவ விடுதோம்" என்பார். திரும்பி வந்தவர்கள் பலர் வீட்டுக்கு மாடி எடுத்தார்கள், கடை போட்டார்கள். இவர் ஒரு மண்வெட்டியும் ரப்பர் குழாயும் வாங்கினார்.

வீட்டுக்கு ஒரு கன்று என்று அவர் கேட்டபோது எல்லோரும் கொடுத்தோம். நான் மகிழம் கொடுத்தேன். அவர் நாவல் வைத்தார். "நாவல் வேண்டாம் அண்ணாச்சி, பழம் விழுந்து துணியெல்லாம் கறையாகும்" என்றேன். "நீங்கதான் வெள்ள உடுப்பு போட்டுட்டு அலையுதிய. உங்களுக்காவ மரம் வெள்ளப் பழமா காய்க்கும்?" என்று சிரித்தார். அப்போதுதான் அந்த விதியையும் சொன்னார். யாரும் தன் வீட்டு மரத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது. அடுத்த வீட்டு மரத்துக்குத்தான் விட வேண்டும். இது என்ன கோணல் புத்தி என்று கூட்டத்தில் பெரிய சலசலப்பு. அவர் அசையவே இல்லை. "அவுகவுக மரத்துக்கு அவுகவுக ஊத்தினா அது வீட்டு வளப்பு. அடுத்தவுக மரத்துக்கு ஊத்தினாத்தான் அது பார்க்கு." அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. அவருடைய நாவல் என் பொறுப்புக்கு வந்தது. என் மகிழம் அவர் பொறுப்புக்குப் போனது.

அந்த விதி எங்களை எவ்வளவு மாற்றியது என்பதை உங்களில் பழைய ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடைத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், 'உங்க புங்கம் வாடுது, உரம் வச்சியளா?' என்று பேச ஆரம்பித்தார்கள். என் மகிழம் முதல் பூ பூத்த அன்று அண்ணாச்சி அதைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார். "பிரசவம் நல்லபடியா ஆச்சு சிஸ்டர்" என்றார். முப்பது வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அந்த வார்டில்கூட வந்ததில்லை.

சாரல் விடுப்பையும் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனி பிறந்து மேற்கிலிருந்து தூறல் வந்துவிட்டால் யாருக்கும் முறை கிடையாது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வானம் பார்த்துக்கொள்ளும். யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றினார்கள் என்று குறிக்கும் முறைநோட்டை மூடிவைத்துவிட்டு எல்லோரும் ஒரு வேனில் குற்றாலம் போவோம். நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்போம். அவர் குளிக்க மாட்டார். கீழே பாறை வழியாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி, கையில் மங்குஸ்தானை வைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணிக்கும் ஒரு வால்வு கூட இல்ல" என்று புலம்புவார். அவர் தலையில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டு வருவோம். பிறகு அவரவர் பிள்ளைகள் இருக்கிற ஊருக்குப் போய்விடுவோம். நான் கோவைக்குப் போவேன். சிலர் சென்னைக்கு, சிலர் துபாய்க்கு.

இந்த விடுப்புக்காகத்தான் வெற்றுத் தாள் வந்தது. மோட்டார் பழுது, மின் இணைப்பு, குழாய் அடைப்பு என்று எது கேட்டாலும் நகராட்சி அலுவலகத்தில் பூங்காக் குழுவினர் ஐந்து பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்பார்கள். ஒரு தடவை சாரல் காலத்தில் மோட்டார் எரிந்து, கையெழுத்துக்கு ஆளில்லாமல் புரட்டாசி வரை கிடந்தது. அதற்குப் பிறகு வைகாசி கடைசியில் அண்ணாச்சி தவிர நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு மூன்று வெற்றுத் தாளில் அடியில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைப்பார். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஆபரேஷனுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலை பார்த்த காலமெல்லாம் சொல்லிவந்த நான், படிக்க ஒரு எழுத்துகூட இல்லாத தாளில் வருடா வருடம் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் இருந்த நம்பிக்கை அப்படி.

போன வருடம் புரட்டாசியில் கோவையிலிருந்து வந்தேன். பெட்டியை வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போனால் வாசலில் வளைவு. உள்ளே தரை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பதித்திருந்தார்கள். நடுவில் நீரூற்று, பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் மான். தெற்கு வரிசையில் ஒரு மரமும் இல்லை. என் மகிழம் நின்ற இடத்தில் உடற்பயிற்சிக்கு ஆட்டுகிற இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் தன் தகப்பனார் நினைவாகச் செய்துகொடுத்தாராம், கல்வெட்டில் பெயர் இருந்தது. வடக்கு வரிசை மட்டும் அப்படியே நின்றது. அதில் அண்ணாச்சியின் நாவலும் நின்றது.

அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கோப்பை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தாள். தெற்கு வரிசை மரங்களை அகற்றித் தரை அமைக்கக் குழுவில் ஒருவராகச் சம்மதிக்கிறேன் என்று ஆளுக்கு ஒன்றாக ஐந்து கடிதம். ஐந்திலும் மேலே இருந்தது அண்ணாச்சி எப்போதும் எழுதுகிற பச்சை மை. அடியில் அவரவர் கையெழுத்து இருந்தது. அவருடைய தாளுக்கு அடுத்தது என்னுடையது. "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "நாந்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார்.

"என் கையெழுத்துக்கு மேலயா எழுதினிய?"

"ஆமா."

"ஒரு போன் போட்டுக் கேக்க முடியாதா அண்ணாச்சி?"

"கேட்டா நீங்க சம்மதிச்சிருப்பியளா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல்ல."

அவர் மனைவி ஸயீதா மைனி உள்ளேயிருந்து டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் தொடவில்லை. "தெக்கு வரிசைக்குக் குழாய் எட்டாது. வாளியிலதான் சுமக்கணும். எனக்கு முடியல்ல, யம்மா" என்றார் அண்ணாச்சி. "கல்லு போட்டா யாரும் தண்ணி ஊத்தவேண்டாம். மிச்ச மரத்துக்கு மோட்டார் போட ஒரு வாட்ச்மேனும் வைக்கோம்னு ஆபீஸ்ல சொன்னாவ. பாதியாவது பொழைக்கட்டும்னு பாத்தேன்." முடியவில்லை என்றால் குழுவில் சொல்லியிருக்கலாமே, நாங்கள் செத்தா போனோம் என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டார். என் மரம் உங்கள் பொறுப்பில் அல்லவா இருந்தது, நம்பித்தானே தந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டும்போது, "டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அதற்குப் பிறகு அவர் எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவேன். ஒருமுறை காய்கறிக் கடையில் கையைத் தூக்கினார். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். வாட்ச்மேன் திறப்பு விழாவுக்கு வந்ததோடு சரி, மோட்டார் அறை பூட்டியே கிடந்தது. நீரூற்று இரண்டு மாதத்தில் நின்று கொசு பிடித்தது. கோடையில் அவர் ஒரு கையில் கம்பும் ஒரு கையில் கேனுமாக வடக்கு வரிசைக்குப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நாவலுக்கும் அவரே ஊற்றினார். அது என் முறை. எனக்குத் தெரியும். நன்றாக அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் நினைத்தேன் என்பது உண்மை.

ஜனாஸா ஊர்வலம் பூங்கா வழியாகத்தான் போனது. நான் நாவலுக்குக் கீழே நின்றேன். பழம் உதிர்கிற காலம். அந்தச் சிவப்பும் மஞ்சளுமான கல்லெல்லாம் ஊதா நிறமாகக் கிடந்தது. சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டே போனார்கள். என் வெள்ளைப் புடவையிலும் இரண்டு பழம் விழுந்தது. வீட்டுக்குள் வந்து அதைத் துவைக்க உட்கார்ந்தபோதுதான் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து ஸயீதா மைனி ஆளனுப்பினார். கணவர் இறந்து இத்தா காலத்தில் இருப்பவர் வெளியே வர முடியாது. நான்தான் போக வேண்டும். பத்து மாதம் கழித்து அந்தப் படியேறினேன். மைனி அழுகைக்கு நடுவே பிஸ்கட் டப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல்ல." உள்ளே மிச்சமிருந்த வெற்றுத் தாள்கள் இருந்தன. ஒவ்வொருவருடையதும் தனித்தனியாகக் கிளிப் போட்டு வைத்திருந்தார். என்னுடையதில் இரண்டு. முன்னும் பின்னும் புரட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் கையெழுத்து மட்டும்தான். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

டப்பாவின் அடியில் முறைநோட்டு இருந்தது. அதை நாம் யாரும் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். நாள்வாரியாக நம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் முறை பார்த்ததாகச் சரிக்குறி. ஆரம்ப வருடங்களில் நீலம், கறுப்பு, பென்சில் என்று பல கைகள். போகப்போகப் பச்சை மை ஒன்றே ஒன்று. சாரல் விடுப்பு மூன்று மாதம்தான். நாம் அதை எப்படி நீட்டினோம் என்று அந்த நோட்டில் தெரிகிறது. புரட்டாசியில் திரும்பி வந்தாலும் இன்னும் ஈரம் இருக்கிறதே என்று விட்டோம். ஐப்பசியில் அடைமழை வரட்டும் என்றோம். தையில் விருந்தாளிகள். பங்குனியில் வெயில் ஏறிய பிறகு வந்து ஒரு வாளி ஊற்றிவிட்டு, நம்ம பார்க்கு என்று மார்தட்டினோம். மீதி நாளெல்லாம் பச்சைச் சரிக்குறி. விடுப்பு முடிந்த பிறகும் நான் கோவையில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நாட்களில் தென்காசியில் நாவலுக்குத் தண்ணீர் ஊற்றியதாக அந்த நோட்டு சொல்கிறது.

"எல்லாரு முறையும் அவுகதான் பாத்தாவ" என்றார் மைனி. "நீங்க ஊத்தினா உங்க பேருல போடுங்களேன்னு சொல்லுவேன். 'கெட, பேரு போயிட்டா ஆளும் போயிரும். பேராவது இருக்கட்டும்'பாவ."

இதைக் கேட்டதும் நான் உருகிப்போய் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அவர் என்னை இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறார். நான் கொடுத்த கையெழுத்துக்கு மேலே எனக்குத் தெரியாமல் எழுதினார், அது ஒன்று. நான் வராத நாளில் வந்ததாகக் குறித்து, நான் இன்னும் அந்தப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிற மனுஷி என்று என்னையே நம்பவைத்தார், அது இரண்டு. ஒரே ஒரு நாள் வாசலில் வந்து நின்று, 'ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச?' என்று என்னைத் திட்டியிருக்கலாம். ஓடி வந்திருப்பேன். அந்த உரிமை அவருக்கு இருந்தது. அதை எடுத்துக்கொள்ளாமல் தாளை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாமல் விழுங்கியது என்ன என்பது இப்போது எனக்குத் தெரியும். நாங்கள் செத்தா போனோம் என்று நான் கத்தியதற்கு அவரிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலை அவர் நோட்டில் மூடி வைத்திருந்தார்.

குழுவில் உள்ள உங்கள் தாள்களும் என்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கிழித்துப் போடுவதோ வேறு எதற்கு வைத்துக்கொள்வதோ உங்கள் பாடு. நோட்டைக் கூட்டத்தில் மேசைமேல் வைப்பேன். அவரவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு அவரைப் பற்றிப் பேசுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று அந்த நாவல். அவருடைய மரம், அவர் விதிப்படி அது என் பொறுப்பு. இன்னொன்று அந்த வெற்றுத் தாள். இரண்டில் ஒன்றைக் கிழித்துவிட்டேன். மற்றொன்றை நேற்றுக் காலை தூறலில் எடுத்துக்கொண்டு போய் மோட்டார் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன், நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை போட்டு. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் தினமும் காலையில் வந்து பார்ப்பது என் முறை என்று அதில் எழுதினேன். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து ஏற்கெனவே அடியில் இருந்தது.